புழுங்கலரிசியும் கால்வாயும்

மலாயாவின் ஒவ்வொரு ரப்பர் மரத்தடியிலும் ஒரு தமிழன் புதைந்து கிடக்கிறான் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேடைகளில் இது இன்றும் முழங்குகிறது, கைதட்டலும் பெறுகிறது. பேச்சு பொய்யன்று. ஆனால் அந்தத் தமிழன் எதனால் மாண்டான் என்பதை அது சொல்வதில்லை. காடு அழித்தான், காய்ச்சல் கண்டான், மாண்டான் என்று முடித்துவிட்டால், மழை பெய்தது, ஆறு பெருகியது என்பதைப்போல அதுவும் இயற்கையின் செயலாகிவிடுகிறது. வகுப்பறையில் இப்படிச் சொல்லிவிட்டு நகர முயன்றால், "காய்ச்சல் எல்லாருக்கும்தானே வரும், நம்மவங்க மட்டும் ஏன் சார் அவ்வளவு பேர் செத்தாங்க?" என்று ஏதாவதொரு பிள்ளை கேட்காமல் இராது. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

விடை தேடுவதற்கு முதலில் தோட்டத்தைவிட்டு வெளியே போவோம். நம்மவர் சாகாத ஒரு நோயிலிருந்து தொடங்குவது நல்லது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், இறுதியில் நெஞ்சு படபடத்து மூச்சு நின்றுவிடும். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள். சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோய் பரவியது. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அவ்வாறே.

இனத்துக்கு இனம் உடம்பு வேறு என்று சொல்லிவிடுவது அன்று எளிதாக இருந்தது. சிலர் கிருமி என்றனர். சிலர் வீட்டுப் புழுக்கம் என்றனர். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் சோற்றுப் பானையைப் பார்த்தார். சுரங்கத்துச் சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டிலே குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. தம் ஆராய்ச்சியை அவர் 1907-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு ஏறிவிடுகிறது என்பது அவர் எண்ணம். அந்தப் பாதி தவறு. அரிசிதான் காரணம் என்ற பாதி சரி.

அதற்கு முன்பே, 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணுக்குரியவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கத்து விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படையினர் மேற்குப் பக்கம் போனார்கள்; அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டு கழிந்தது. வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை.

மருத்துவ வரலாற்று நூல்கள் இச்சோதனையைப் பாராட்டிப் பேசுகின்றன. பாராட்டத்தக்கதுதான். ஆயினும் அந்த 18 பேரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் 1907-இல் ஜெலுபு வட்டாரத்தில் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதையே மீண்டும் செய்துபார்த்தனர். முடிவு மாறவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினாலோ சத்து தவிட்டோடு மாட்டுக்குப் போகிறது. வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தது வைட்டமினை அறிந்தன்று. ஆனாலும் அந்த வழக்கம் கடல் கடந்து வந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது, தமிழன் உடம்பு சீனன் உடம்பைவிட வலிது என்பதன்று. அதே தமிழனுக்கு வெள்ளையரிசி மட்டுமே கொடுத்திருந்தால் அவனும் விழுந்திருப்பான். சீனத் தொழிலாளி அந்த அரிசியை விரும்பித் தேர்ந்தெடுத்தான் என்றும் சொல்வதற்கில்லை. சுரங்கக் கடையில் கடனுக்கு எந்த அரிசி கிடைத்ததோ அதை உண்டான். நோய் உடம்பின் இயல்பைப் பார்க்கவில்லை. வாழ்க்கையின் ஏற்பாட்டைப் பார்த்தது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். மலேரியாவில் விழுந்தவர்கள் நம்மவர்கள்.

கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் இந்தியாவில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு மலாயாவில் பயன்பட்டது. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானில் மாவட்ட அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். சதுப்பு நிலம், மூடிய காடு, தேங்கிய நீர், ஊரெங்கும் குளிர்காய்ச்சல். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய துறைமுகமாகிய போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் பெருகி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போயிற்று. வாட்சன் கால்வாய் வெட்டச் சொன்னார். காட்டை அகற்றச் சொன்னார். பள்ளங்களைத் தூர்க்கச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டோர் 1901-இல் 368 பேர். 1902-இல் 59 பேர். உலகின் பல நாடுகளும் இந்தக் கணக்கைக் கண்டு வியந்தன.

ஆனால் கால்வாய் எங்கே வெட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்கும் துறைமுகத்துக்கும் வெட்டப்பட்டது. துறைமுகம் நின்றால் வாணிகம் நிற்கும். பணமும் பொறியாளரும் உடனே கிடைத்தனர். சில மைல்களுக்கு அப்பாலிருந்த தோட்டங்களோ தனியார் நிலங்கள். அங்கே லயத்தைச் சுற்றியிருந்த நீரை வடிப்பது துரைமாரின் பொறுப்பு. அவர்கள் விருப்பம் என்றும் சொல்லலாம்.

அந்த நேரத்தில்தான் ரப்பர் விலை ஏறத் தொடங்கிற்று. 1910-இல் அது உச்சத்தைத் தொட்டது. இலண்டனில் கம்பெனிகள் முளைத்தன. மலாயாவில் காடுகள் விழுந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது. அங்குள்ள கொசு நிழலை விரும்புவது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறாக நடந்தது. மலையோடைகளில் வளரும் கொசு வேறு சாதி. அது வெயில்படும் தெளிந்த நீரை விரும்புவது. காட்டை வெட்டியதும் ஓடைகளின்மேல் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. காடு வெட்டியவர்களின் லயங்கள் அந்த ஓடைகளின் அருகிலேயே இருந்தன. தண்ணீர் எடுக்க வசதி என்று அங்கே கட்டியிருந்தார்கள்.

கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-இல் ஆயிரம் தொழிலாளருக்கு 62.9 பேர் இறந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. தனித்தனித் தோட்டங்களில் இதைவிடக் கொடுமையான கணக்குகளும் உண்டு. இவர்கள் முதியோர் அல்லர். கப்பலேறும் முன் மருத்துவர் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய வாலிபர்கள். ஊரில் இருக்கும்வரை உழவு வேலை செய்த கட்டுடல்கள். வந்த சில மாதங்களில் மண்ணீரல் வீங்கி, இரத்தம் வற்றி, பெரட்டுக்கு நிற்க முடியாமல் விழுந்தார்கள். அந்நாளைய துரைமார் சிலர் தமிழன் நோஞ்சான், தமிழனுக்குச் சுத்தம் தெரியாது என்று எழுதி வைத்தனர். பெரிபெரியில் வலியவனாகத் தெரிந்த அதே உடம்பு, மலேரியாவில் நோஞ்சானாகிவிட்டது பாருங்கள்!

பிறகு சாவு குறைந்ததா? குறைந்தது; விரைவாகவே குறைந்தது. 1915-ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்கு இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. கொயினா மருந்தும், சீபீல்டு போன்ற தோட்டங்களில் மண்ணுக்கடியில் பதித்த வடிகுழாய்களும், பின்னர் ஓடைகளில் தெளித்த எண்ணெயும் அதற்குக் காரணங்கள். வாட்சன் இவற்றில் முன்னின்றார். அவர் புகழை நாம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தும் குழாயும் ஏன் அந்த ஆண்டுகளில் தோட்டத்துக்குள் வந்தன?

இங்கே இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சஞ்சிக் கூலி முறையில் வந்தவன், ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தைவிட்டு அகல முடியாது. அகன்றால் அது குற்றம். பிடித்துக் கொண்டுவந்து தண்டிப்பார்கள். செத்தாலும் அங்கேயே சாக வேண்டும். 1910-இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் வந்த தொழிலாளி ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகலாம். காய்ச்சல் தோட்டம் என்று பெயரெடுத்த இடத்துக்குக் கங்காணி எவ்வளவு நயந்து பேசினாலும் ஆள் வரவில்லை. ஆள் இல்லையேல் பால் இல்லை. ஒரு தொழிலாளியை ஊரிலிருந்து வரவழைக்க ஆகும் செலவையும், அவன் சில மாதங்களில் மாண்டுபோவதால் ஆகும் நட்டத்தையும் கணக்கிட்டுப் பார்த்த கம்பெனிகளுக்குக் கால்வாய் மலிவாகத் தெரிந்தது. அரசாங்கமும் 1911-இல் தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. போக வழி உண்டு என்ற நிலைமை கொயினாவுக்கு நிகரான மருந்தாக இருந்தது என்பது நம் துணிபு.

மலேரியாவுக்கு அடுத்தது கொக்கிப்புழு. ராக்பெல்லர் அறநிறுவனம் 1915 முதல் 1917 வரை ஒரு குழுவை மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் பிஜித் தீவுகளுக்கும் அனுப்பி இதை ஆராய்ந்தது. கழிப்பிடம் இல்லாத லயத்தில் மனிதர் புதர் ஓரம் போவார்கள். புழுக்குஞ்சு ஈரமண்ணில் காத்திருந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். ஆள் சோம்பிப்போவான், சோம்பேறி என்று வசவு வாங்குவான், அரை நாள் கூலியோடு திரும்புவான். அரைக் கூலியில் செருப்பு வாங்க முடியாது. பூச்சி மருந்து கொடுத்துப் புழுவை விழச் செய்யலாம். கழிப்பிடம் கட்டாதவரை மறுபடி ஏறிக்கொள்ளும்.

பெண்கள் நிலைமை இதனினும் கடினம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால், பால் எடுத்துக் கொடுத்து முடியும்வரை தாய்ப்பாலுக்கு வழியில்லை. டின் பால் கரைத்து ஊற்றினார்கள். இனிப்பு டின் பால் குழந்தைகளுக்கு எமனாவதைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939-இல் அங்கே ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். தாய்க்கு அறிவில்லை என்று சொல்வது சுலபம். அவள் கூலிக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றாள் என்பதே உண்மை.

சாவுக் கணக்கு குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. வேலைக்கு ஆகாதவர், நெடுநாள் நோயாளர் பலரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அவ்வாறு திரும்பியவர் மிகப் பலர். ஊரில் போய் இறந்தவன் மலாயாக் கணக்கில் ஏறுவதில்லை.

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. வாட்சன் கால்வாய் வெட்டிய அதே வட்டாரம். நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். முறையான மருத்துவ வசதி கேட்டார்கள். மருத்துவர்கள் உடல்நலம் என்று தனியே பிரித்து எழுதியதை, எழுத்தறியாத அத்தொழிலாளர் பிரிக்கவில்லை. சைக்கிளும் கள்ளும் கூலியும் பள்ளியும் மருந்தும் அவர்களுக்கு ஒரே தாளில் அடங்கின. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவ்வாண்டு இறுதியில் போர் வந்தது. எண்ணெய் தெளிப்பு நின்றது, மலேரியா திரும்பியது. சயாம் மரண இரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயும் நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அது பெருங்கொடுமை. ஆனால் அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்காத நீரைக் குடிக்கக்கூடாது என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். இறந்தவன் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்தது. அதே மழையில் அதே காலராவுக்கு நடுவே உழைத்த தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பர்மியருக்கும் இவை இல்லை. அவர்களில் மாண்டவர் தொகை பல மடங்கு. சரியான கணக்கே கிடையாது.

விடுதலைக்குப்பின் நாடு பெரிதும் முன்னேறியது. 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75-க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அது பத்துக்கும் குறைவு. கம்பங்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களும் தாதியரும் வந்தது இதற்குப் பெருங்காரணம். தோட்டம் தனியார் நிலமாகையால், அதன் குடிநீரும் வீடும் மருந்தகமும் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. குறைந்தபட்ச வீட்டு வசதிக்குச் சட்டங்கள் வந்தன. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நல்ல நிர்வாகம் வாய்த்த தோட்டத்தில் நல்ல டிரெஸர் இருந்தார். வாய்க்காத இடத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை இருந்தது. கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் இருந்தது ஒரு முள்வேலிதான். ஆனால் தாதியின் சைக்கிள் அந்த வேலிவரைதான் வந்தது.

பின்னர்த் தோட்டங்களே துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கிறது. தொழிலாளர் பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயினர். மலேரியா ஓய்ந்து, நீரிழிவு வந்தது. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டின் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4 பேருக்கு. உடனே பழைய பேச்சு கிளம்புகிறது: இந்தியர் உடம்பே அப்படித்தான். பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெரிபெரிக்கும் மலேரியாவுக்கும் இதே வாய்தான் இதையே சொன்னது. நாள்தோறும் மேடும் பள்ளமும் நடந்து மரம் வெட்டியவரின் பேரன், பன்னிரண்டு மணி நேரம் காவல் கொட்டகையில் உட்கார்ந்து, டின் பால் தேநீர் குடித்து, இரவு பத்து மணிக்குக் கடையில் கிடைத்ததை உண்டு, மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்று அஞ்சுகிறானே, அதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இருப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன அரிசி பொங்கினீர்கள், கழிப்பிடம் எவ்வளவு தூரம், பிரசவம் யார் பார்த்தார்கள், டிரெஸர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தார் என்று அவர்களைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நாம் இன்று சொன்ன கணக்குகள் யாவும் அரசாங்கமும் மருத்துவர்களும் எழுதி வைத்தவை. லயத்துக்குள்ளிருந்து எழுதியது மிகக் குறைவு; சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.